மலையில் எடுக்கலாம், மலையில் வைக்கக் கூடாது

பெரிய கேமராவில் ஒரு படத்துக்கு ஒரு தாளாகப் போடுகிற ஷீட் ஃபிலிமின் ஓரத்தில் எண் கிடையாது. 35 எம்எம் ரோலிலேயே பழகியவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது, ஏனென்றால் அங்கே 1, 1ஏ, 2, 2ஏ என்று கம்பெனிக்காரனே ஓரத்தில் அச்சடித்து அனுப்பிவிடுகிறான், எதற்குப் பின் எது என்று ஃபிலிமே சொல்லிவிடும். லார்ஜ் ஃபார்மேட் என்கிற இந்தப் பெரிய கேமராவில் நாலுக்கு அஞ்சு அங்குலத் தாள் ஒவ்வொன்றும் தனிக்கட்டை. மூலையில் சின்ன வெட்டுகள் இருக்கும். இருட்டில் விரலால் தடவி, வெட்டின் வடிவத்தை வைத்து இது எந்த வகை ஃபிலிம், இல்ஃபோர்டு கம்பெனியின் எஃப்பி4-ஆ எச்பி5-ஆ என்று தெரிந்துகொள்ளலாம். தாளை நெட்டுக்குத்தாகப் பிடித்து வெட்டு வலது மேல் மூலையில் வந்தால் எமல்ஷன், அதாவது படம் பதிகிற பூச்சு, நம் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். அதோடு சரி. எங்கே எடுத்தது, என்றைக்கு எடுத்தது, எவ்வளவு நேரம் டெவலப் செய்யவேண்டும் என்பதெல்லாம் நாம் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை.

எனக்கு வீடு சேலத்தில். படம் எடுப்பது பெரும்பாலும் சேர்வராயன் மலையில். இந்தக் கேமராவைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது லென்ஸ் என்ன, ஃபிலிம் எங்கே கிடைக்கிறது, ஒரு தாளுக்கு என்ன செலவு, இவைதான். நோட்டைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் குறிப்பு எழுதுவதும் நெகட்டிவைப் பத்திரப்படுத்துவதும் ஒரே வேலை. மலையில் பென்சிலால் போட்ட எண்தான் வீட்டுப் பெட்டிவரை வருகிறது. நடுவில் எங்கே அறுந்தாலும் அந்த நெகட்டிவ் அனாதைதான்.

முதலில் ஹோல்டர், அதாவது இருட்டில் ஃபிலிமை ஏற்றிக் கேமராவில் செருகுகிற தட்டைக் கூடு. ஒரு ஹோல்டரில் இரண்டு பக்கம், இரண்டு தாள். என் ஹோல்டர்களில் எண்ணும் அ, ஆ என்று பக்கமும் எழுதியிருக்கிறேன்: 7அ, 7ஆ. ஃபிலிமை வெளிச்சம் படாமல் மூடுகிற தகடுக்கு டார்க் ஸ்லைடு என்று பெயர். அதன் வெள்ளை முகம் வெளியே தெரிந்தால் புது ஃபிலிம், கறுப்பு தெரிந்தால் எடுத்தாயிற்று. இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். ஆனால் ஹோல்டரின் மேல் எழுதிய எண் ஹோல்டரோடு நின்றுவிடும். தாளை வெளியே எடுத்த நிமிஷம் அதற்கு அந்த எண்ணோடு உறவு இல்லை. இதற்குப் பழைய ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஹோல்டரில் ஃபிலிமை உள்ளே தள்ளுகிற பக்கம் ஒரு மடல் இருக்கிறதல்லவா, அதை மூடினால் அதன் விளிம்பு தாளின் ஓரத்தை ஒரு நூல் அளவு மறைக்கும். டெவலப் செய்த நெகட்டிவில் வெள்ளையாக ஒரு பட்டை வருவது அதனால்தான். அந்த விளிம்பில் ஊசி அரத்தால் ஒரு முக்கோண வெட்டுப் போட்டால் அந்தச் சந்து வழியாகவும் வெளிச்சம் இறங்கி, அந்த ஹோல்டரில் எடுக்கிற ஒவ்வொரு நெகட்டிவின் ஓரத்திலும் கறுப்பாக ஒரு குட்டி முக்கோணம் விழும். நான் முக்கோணத்துக்கு ஒன்று, சதுரத்துக்கு ஐந்து என்று கணக்கு வைத்திருக்கிறேன். ஏழு என்றால் ஒரு சதுரம், இரண்டு முக்கோணம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கிற கடைகளில் ஊசி அரம் செட்டாகவே கிடைக்கிறது, அந்த வகையில் சேலத்துக்காரனுக்குக் கவலை இல்லை. அராவிய தூளை மட்டும் ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடவேண்டும், இல்லையென்றால் அது முழுக்க நெகட்டிவில் வெள்ளைப் புள்ளியாக வந்து உட்காரும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஏதாவது ஒரு ஹோல்டரில் வெளிச்சம் கசிந்தால் எந்த ஹோல்டர் என்று நெகட்டிவே சொல்லிவிடும்.

அப்புறம் நோட்டு. பாக்கெட்டில் அடங்குகிற தைத்த நோட்டு, 2பி பென்சில். பேனா வேண்டாம். ஏற்காட்டுப் பனி இறங்கினால் தாள் நமுத்துப்போய் மை பரவிவிடும். பென்சில் கோடு அப்படியே நிற்கும். என் நோட்டில் ஒரு படத்துக்கு இரண்டு வரி. உதாரணத்துக்கு ஒன்று: காபித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக்கொடி, அரை மீட்டர் தூரத்தில் கேமரா, ஓரமாகப் பின்னால் பனி.

"7அ, எஃப்பி4 / 100, லென்ஸ் 150, பெல்லோஸ் 210, இலை 7, பனி 10, எஃப்32, 2–4–6 நொடி, +1."

பார்த்தால் மாந்திரீகம் மாதிரி இருக்கும். பிரித்தால் ஒன்றுமில்லை. 100 என்பது ஃபிலிமின் வேகம், 150 என்பது லென்ஸின் குவியத் தூரம் மில்லிமீட்டரில், எஃப்32 என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு. ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரில் இருட்டான இலை 7, பனி 10. இலையை மூன்றாம் மண்டலத்தில், அதாவது கறுப்பானாலும் விவரம் தெரிகிற இடத்தில் வைக்கிறேன், மீட்டர் சொல்வதைவிட இரண்டு ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி அல்லது இரட்டிப்பு). அப்படி வைத்தால் எஃப்22-க்கு ஒரு நொடி, எஃப்32-க்கு இரண்டு நொடி. ஆனால் கிட்டத்தில் நின்று எடுப்பதால் பெல்லோஸை, அதாவது லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள துருத்தியை, 210 மில்லிமீட்டர் இழுத்தாயிற்று. இழுக்க இழுக்க ஃபிலிமுக்கு வருகிற வெளிச்சம் குறையும். 210-ஐ 150-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் ஏறக்குறைய இரண்டு. எனவே நாலு நொடி. ஒரு நொடிக்கு மேல் போனால் ஃபிலிம் சோம்பேறியாகிவிடும், வெளிச்சத்தை மெதுவாகத்தான் வாங்கும். எஃப்பி4-க்கு இல்ஃபோர்டு கொடுத்திருக்கிற கணக்கு, நேரத்தை 1.26 அடுக்குக்கு உயர்த்து என்பது. நாலு நொடி அப்படி ஆறு நொடிக்குப் பக்கத்தில் வருகிறது. (ஃபோமாபான் 100 போட்டிருந்தால் கதையே வேறு, அது இன்னும் பெரிய சோம்பேறி, பத்து நொடிக்கு எண்பது நொடி கேட்கும்.) இலைக்கும் பனிக்கும் நடுவே மூன்று ஸ்டாப்தான் வித்தியாசம் என்பதால் படம் சப்பென்று வரும், அதற்குத்தான் +1, டெவலப் நேரத்தைக் கால்பங்கு கூட்டு என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட உத்தரவு.

இதில் 2–4–6 என்று மூன்றையும் எழுதுவதுதான் முக்கியம் என்பேன். கடைசி ஆறை மட்டும் எழுதினால், நெகட்டிவ் வெளிறி வந்தால் காரணம் பெல்லோஸ் கணக்கா, ஃபிலிமின் சோம்பலா, மீட்டர் படித்ததா என்று பிறகு தெரியாது. வழியையும் எழுதிவைத்தால் எந்தப் படியில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். பெல்லோஸை அளக்க இரும்பு டேப் வேண்டாம், தையல்காரர் டேப் போதும், லென்ஸ் பலகையிலிருந்து, பின்னால் படம் தெரிகிற தேய்த்த கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸ்வரை.

ஆனால் எண்களைக் கண்டால் நமக்கு ஒரு மயக்கம். எஃப் எண்ணையும் நொடியையும் ஒழுங்காக எழுதிவிட்டு நாளை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அமெரிக்காவின் பேர்போன நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸே அப்படித்தான். நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்கிற சிற்றூருக்கு மேல் நிலா நிற்கிற படம் அவருடைய படங்களிலேயே பேர்போனது. வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, மீட்டரைத் தேடினால் கிடைக்கவில்லை, நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவில் இருந்தது, அதை வைத்தே கணக்குப் போட்டு எடுத்துவிட்டார். அந்த 250 கடைசிவரை மறக்கவில்லை. எடுத்த நாள் மட்டும் அவர் கையில் இல்லை. 1940 முதல் 1944 வரை வெவ்வேறு வருஷங்களைப் போட்டிருக்கிறார். அவர் 1984-ல் காலமான பிறகு, 1991-ல் டென்னிஸ் டி சிக்கோ என்ற வானியல்காரர் படத்தில் நிலா நிற்கிற இடத்தை வைத்துக் கணக்கிட்டு 1941 நவம்பர் 1, மாலை 4:49 என்று முடிவுகட்டினார். நம் படத்துக்காக எந்த வானியல்காரரும் வரப்போவதில்லை. அதுவும் ஏற்காட்டுப் பனியில் நிலாவாவது ஒன்றாவது. நாளும் நேரமும் நாமே எழுதிக்கொள்ளவேண்டியதுதான்.

இடமும் அப்படித்தான். "பகோடா பாயிண்ட் போகிற வழியில் பெரிய மரம்" என்று எழுதினால் ஐந்து வருஷம் கழித்து மரமும் இருக்காது, வழியும் அகலமாகியிருக்கும். எஸ்டேட் பெயரை எழுதினால் எஸ்டேட் கைமாறும், பலகையில் ரிசார்ட் பெயர் வந்துவிடும். போனில் அட்ச தீர்க்க ரேகையைப் பார்த்து எண்ணாக எழுதிவிடுவது நல்லது. பக்கத்தில் ஊர்க்காரர்கள் சொல்கிற பெயரையும் எழுதவேண்டும், ஏனென்றால் வரைபடத்தில் அது இருக்காது.

ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் இருக்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே நிலவியலாளர், ஓய்வுக்குப் பிறகு இந்த மலையில்தான் குடியிருந்தார். வாழ்நாளெல்லாம் அவர் பொறுக்கிச் சேர்த்த கல்லையும் ஓட்டையும் 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்காக வாங்கினார்கள். பட்டியல் அவர் இறந்த பிறகு, 1914-ல் அச்சில் வந்தது. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்ற விவரம் இருப்பதால்தான் அந்தச் சேகரிப்புக்கு இன்றும் மரியாதை. ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் அது ஒரு குவியல் கூழாங்கல். வேலை கற்றுக்கொள்ள போட்டோக்காரர்களிடம்தான் போகவேண்டும் என்றில்லை. மலையில் எனக்குத் தெரிந்த ஒரு எஸ்டேட் ரைட்டர், அதாவது கணக்கெழுதுபவர், இருக்கிறார், காலையில் மழைமானியைப் பார்த்து இத்தனை இஞ்ச், இத்தனை சென்ட் என்று நோட்டில் ஏற்றாமல் டீ குடிக்கமாட்டார். மழையே இல்லாவிட்டாலும் சைபர் போடுவார். எடுக்காமல் திரும்பிய நாளுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதும் வழக்கம் அவரைப் பார்த்து எனக்கு வந்தது: "பனி கலையவில்லை, 11 மணிவரை, இந்த இடத்துக்குத் தை மாதம் வரவேண்டும்."

வெள்ளியைப் பற்றியும் சொல்லவேண்டும், சேலத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் போனால் எப்படி. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் தெரிகிற கறுப்பு முழுக்க வெள்ளிதான். படத்தை நிலைநிறுத்த (ஃபிக்ஸ் செய்ய) பயன்படுத்திய ஹைப்போத் தண்ணீரிலும் எக்ஸ்ரே ஃபிலிமிலும் பழைய நெகட்டிவிலும் இருக்கிற வெள்ளியைப் பிரித்தெடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்பா காலத்திலிருந்து நடந்த ஸ்டுடியோவை மூடிய பெரியவர் ஒருவரிடம் பழைய நெகட்டிவ்கள் என்ன ஆயின என்று கேட்டேன்.

"கவர்ல பேர் எழுதியிருந்ததை எல்லாம் ஆளைத் தேடிப் புடிச்சுக் குடுத்துட்டனுங்க தம்பி. கல்யாணம் ஆகி வெளியூர் போனவங்களுக்குக்கூட அண்ணன் தம்பிகிட்டக் குடுத்துவிட்டேன்."

"எழுதாததுங்கய்யா?"

"அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுங்க? கிலோ கணக்குல எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

அவர் சொன்னதில் வருத்தமே இல்லை, எனக்குத்தான் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரே ஸ்டுடியோ, ஒரே அலமாரி, ஒரே ஹைப்போ. கவரின் மேல் ஒரு வரி இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து ஒன்று யாரோ ஒருவரின் பாட்டியாக வீட்டுக்குப் போயிருக்கிறது, இன்னொன்று உருக்குப் பானைக்குப் போயிருக்கிறது.

டெவலப் செய்வதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஃபிக்ஸ் செய்தபின் சோடியம் சல்ஃபைட் குளியல் ஒன்று கொடுத்தால் ஹைப்போ சீக்கிரம் கழுவப்பட்டுவிடும். சேலத்தில் போர்வெல் தண்ணீராக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் பயன்படுத்தவேண்டும், இல்லாவிட்டால் காய்ந்ததும் உப்புத் திட்டு நிற்கும். காயப்போடும் கிளிப்பிலேயே எண் எழுதிய துண்டுச் சீட்டு தொங்கவேண்டும். காய்ந்ததும் ஓரத்து முக்கோணத்தை நோட்டோடு சரிபார்த்து நிரந்தர எண் கொடுக்கிறேன், வருஷமும் வரிசையும்: 25/038 என்பதுபோல. அந்த எண் நோட்டில், கவரில், பெட்டியில், ஸ்கேன் கோப்பின் பெயரில், எல்லா இடத்திலும் ஒன்றேதான். கவரில் எழுதுவதை நெகட்டிவை உள்ளே வைப்பதற்கு முன்னாலேயே எழுதிவிடவேண்டும், உள்ளே வைத்துக்கொண்டு அழுத்தி எழுதினால் எமல்ஷனில் தடம் விழும்.

இனி பெட்டி. அந்த எஸ்டேட் ரைட்டர் அண்ணன் ஒருநாள் சொன்னார், "ஏனுங்க, கீழ சேலத்துல வெயில் கொளுத்துது, ஃபிலிமை எல்லாம் இங்கயே வெச்சுட்டுப் போங்களே, ஏசி போட்ட மாதிரி இருக்குமில்ல?" நல்ல மனசு. புத்தகங்களும் அதைத்தான் சொல்கின்றன, குளிர்ச்சியான இடத்தில் வை என்று. ஆனால் அவை குளிர்ச்சியாகவும் காய்ந்தும் இருக்கிற நாடுகளில் எழுதியவை. குளிர்ச்சியான ஈரம் என்றால் என்னவென்று ஏற்காட்டு வீட்டில் பீரோவைத் திறந்து தோல் செருப்பைப் பார்த்தால் தெரியும். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை, ஏற்காடு சுமார் 1500 மீட்டர், எட்டு டிகிரி வித்தியாசம் சாதாரணமாக வரும். அதே காற்று எட்டு டிகிரி குளிர்ந்தால் அதன் ஈரப்பத விகிதம் ஏறிவிடும். பனி நாட்களில் மலைவீட்டுக்குள் இருக்கிற காற்றில் இனி ஈரம் கொள்ள இடமே இருக்காது.

நெகட்டிவுக்கு எது எதிரி என்பது அது எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. அடிவாரத்துக்குப் போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டிப் போகிறோமே, அந்தக் காலத்துத் தமிழ் சினிமாவில் பெரும்பகுதி இன்று இல்லை. அப்போது பயன்பட்ட நைட்ரேட் ஃபிலிம் தீப்பற்றிக்கொள்ளும், பற்றாவிட்டாலும் தானே மக்கிப்போகும். அடுத்து வந்த அசிட்டேட், சூடும் ஈரமும் சேர்ந்தால் வினிகர் வாடை அடித்துச் சுருங்கும். இன்றைய ஷீட் ஃபிலிம் பெரும்பாலும் பாலியெஸ்டர், எஃப்பி4 ஷீட் 0.18 மில்லிமீட்டர் தடிமன், அதற்கு வினிகர் நோய் கிடையாது. ஆனால் மேலே பூசியிருக்கிற ஜெலட்டின், மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது. பூஞ்சைக்கு அது விருந்து. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் வலை பின்ன ஆரம்பித்துவிடும், பிடித்துவிட்டால் துடைத்தெடுக்க முடியாது, ஜெலட்டினையே தின்றிருக்கும். ஆக என் கணக்கில் கறுப்பு வெள்ளை ஷீட் ஃபிலிமுக்குச் சேலத்து வெயில் இரண்டாம் எதிரி. மலை ஈரம்தான் முதல் எதிரி. 30 முதல் 50 சதவீதத்துக்குள் ஈரத்தை நிறுத்தினால் போதும், கொஞ்சம் வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம். கலர் ஃபிலிம் வேறு கதை, அதன் சாயத்துக்குக் குளிர்ச்சியும் வேண்டும், காற்றுப்புகாமல் கட்டி ஃபிரிட்ஜில்தான் வைக்கவேண்டும்.

அதனால் எடுத்த அன்றே ஹோல்டர்கள் கீழே இறங்கிவிடும். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீட்டுக்கு வந்ததும் பையைத் திறக்கக் கூடாது. மலைக்குளிரில் இருந்த கண்ணாடியும் உலோகமும் கீழ்க்காற்றுப் பட்டதும் வியர்க்கும். பை மூடியபடியே ஒன்றிரண்டு மணி நேரம் கிடக்கட்டும்.

வீட்டில் எந்த இடம் என்பதிலும் யோசனை வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம், தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவெல்லாம் விடும். தரைத்தளத்தில் வெளிச்சுவரை ஒட்டாத ஸ்டீல் பீரோ, அதில் நடுத் தட்டு. கவர் என்று ஸ்டேஷனரிக் கடையில் கொடுக்கிற பளபளப்பான பிவிசி உறையை வாங்கவே கூடாது. அந்த வாடையே அது என்னென்னவோ கக்குகிறது என்பதற்குச் சாட்சி. ஜவுளிக்கடையில் சட்டை போடுகிற பிபி கவர் பரவாயில்லை, ஆனால் ஒட்டுப்பட்டை இல்லாததாகப் பார்த்து, அதையும் நெகட்டிவைத் தாளின் மேல் வைத்து அதே அளவில் எடுக்கிற காண்டாக்ட் பிரிண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். நெகட்டிவுக்கு, போட்டோ பாதுகாப்புச் சோதனையில் தேறிய பாலிப்ரொப்பிலீன் கவரையோ அமிலமில்லாத தாளில் செய்த நாலு மடிப்பு உறையையோ விலை கொடுத்து வாங்குவதுதான் சரி. பழைய ஸ்டுடியோக்களின் பட்டர் பேப்பர் ஈரத்தில் எமல்ஷனோடு ஒட்டிக்கொள்ளும், வேண்டாம். நடுவில் பசை ஒட்டிய உறையாக இருந்தால் எமல்ஷன் பக்கம் பசைக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். ஃபிலிம் வந்த அட்டைப் பெட்டியையே நான் தூக்கிப் போடுவதில்லை. ஃபிலிமை வைத்து அனுப்பவே செய்த அட்டை, அதைவிட நல்ல பெட்டி கடையில் தேடினாலும் கிடைக்காது. அந்தப் பெட்டிகள் ரப்பர் விளிம்பு வைத்த பெரிய டப்பாவுக்குள், கூடவே ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, நல்லதல்ல. நிறம் மாறினால் ஓவனில் 120 டிகிரியில் வறுத்து, ஆறியபின் திரும்பப் போடலாம். முப்பதுக்குக் கீழே காயவிடவும் கூடாது, ஜெலட்டின் வெடிக்கும். பாச்சை உருண்டை போடவே கூடாது. ராமபாணப் பூச்சிக்குப் பயந்து போடுகிறவர்கள் உண்டு. தாளும் ஜெலட்டினும் அதற்குப் பிடித்த சாப்பாடு என்பது உண்மைதான், அதற்கு டப்பாவின் ரப்பர் விளிம்பே போதும்.

1858-ல் வெளியான ராயக்கோட்டை முதலிய சேலம் ஜில்லாப் படங்களை எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, மெழுகு தடவிய காகித நெகட்டிவில் படம் எடுத்தவர். அவருடைய காகித நெகட்டிவ்களில் பல இன்றும் இங்கிலாந்தில் பத்திரமாக இருக்கின்றன. காகிதமே இத்தனை காலம் தாங்கும்போது பாலியெஸ்டர் தாங்காதா என்ன.

நோட்டைப் பெட்டியோடு சேர்த்து வைப்பதில்லை. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அச்செடுத்த நகல் மட்டும் பெட்டியில், மூல நோட்டு வேறு அறையில், கோப்புகள் தம்பி வீட்டு ஹார்ட் டிஸ்கில். பெட்டி மூடியில் முதல் எண், கடைசி எண், வருஷம், அதற்குக் கீழே தம்பி மகளின் போன் நம்பர். அவளுக்கு போட்டோவில் பெரிய ஆர்வமெல்லாம் கிடையாது. ஐப்பசி பிறந்ததும் ஜெல்லை மாற்றவேண்டும், கவரைத் திறந்தால் அதே கவரில்தான் திரும்பப் போடவேண்டும், எடைக்குக் கேட்டு யார் வந்தாலும் கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். "சரி பெரியப்பா, ஜெல் எங்க வாங்கறதுன்னு அதையும் மூடியிலேயே எழுதிடுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.